பூஜ்யத்தில் நின்ற முள்

சின்னவள் எதிர்நீச்சல் போட்டு வென்றவற்றை முதலில் சொல்லிவிடலாம். நாலு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காதின் கேட்கும் சக்தியை எடுத்துக்கொண்டு போனது. அந்தக் காதோடுதான் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு வாங்கினாள். விசிலை நம்பாமல் பக்கத்தில் நின்றவளின் குதிகாலைப் பார்த்து ஓடினாளாம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட பாய்லர் பட்டறைக்குள், குழாய் இணைப்புகளைக் கதிர்வீச்சால் படம்பிடிக்கும் குழுவில் உதவியாளராக நுழைந்தாள். அந்த வேலைக்கான உரிமத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வி, மூன்றாம் முறை ஜெயித்தாள். பட்டறையிலேயே தலைக்கனம் பிடித்த வெல்டர் என்று பெயரெடுத்த சொந்த அண்ணனின் இணைப்பில் நூலிழை போன்ற ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, "ஆமா, என் தப்புதான்" என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். மற்றதெல்லாம் ஒரு தட்டில், இது மட்டும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்தத் தட்டுதான் தாழும் என்பாள் அண்ணி.

அந்த அண்ணன்தான் பெரியவன். எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் கை சுத்தம். சட்டைப் பையில் எஃகு ஸ்கேல் இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டான். வெல்டிங் ராடு எரிந்து மிஞ்சும் துண்டுகளைத் தரையில் எறிய மாட்டான். ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைப்பான். துண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புது ராடு தருவார்கள். மற்ற வெல்டர்கள் சாயங்காலம் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இவன் மட்டும் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஒரு தடவை, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை. "டப்பா காலியா இருந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்பான்.

அவன் பற்றவைத்த குழாய்களைத்தான் தங்கை படம் எடுத்தாள். அந்தக் கருவியைக் கேமரா என்பார்கள். கைப்பிடி வைத்த கனமான இரும்புப் பெட்டி அது. அதன் வயிற்றில் மிளகு அளவு உலோகம், சின்னஞ்சிறு எஃகுக் கூட்டுக்குள் அடைத்து வைத்திருக்கும். அதற்கு சோர்ஸ் என்று பெயர். தூரத்தில் நின்று ஒரு கைப்பிடியைச் சுற்றினால், கம்பி முனையில் கோத்திருக்கும் சோர்ஸ் ஒரு ரப்பர்க் குழாய் வழியாக ஊர்ந்து போய், வெல்ட் போட்ட இடத்தில் நிற்கும். அதிலிருந்து கிளம்பும் கதிர் இரும்பை ஊடுருவி, மறுபக்கம் ஒட்டியிருக்கும் ஃபிலிமில் விழும். வெல்டுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் ஃபிலிமில் கரும்புள்ளி. வேலை முடிந்ததும் திருப்பிச் சுற்ற வேண்டும். சோர்ஸ் மறுபடி பெட்டிக்குள் போய் அடங்கிவிடும்.

பட்டறையில் அவளுக்கு எக்ஸ்ரே என்றே பட்டப்பெயர்.

"ஏய் எக்ஸ்ரே, உங்கண்ணன் தலைக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு படம் எடுத்துச் சொல்லேன்" என்று யாராவது சீண்டினால், "வேணாம்ண்ணே, ஃபிலிம்தான் வீணாகும். உள்ள ஒண்ணும் இருக்காது" என்பாள். பெரியவன் முகமூடிக்குள் சிரித்துக்கொள்வான்.

மூன்றாம் முறை தேர்வெழுத அவள் தயாரானபோது, சமையலறை மேசையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது பெரியவனின் வேலையானது. கேள்வி கேட்பதோடு நிறுத்தமாட்டான்; எதிர்க்கேள்வியும் கேட்பான்.

"அணுன்னா என்ன?"

"நடுவுல ஒரு கரு. அதுக்குள்ள புரோட்டானும் நியூட்ரானும் நெருக்கியடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். வெளியில, ரொம்பத் தள்ளி, எலக்ட்ரான். நடுவுல எல்லாம் வெறும் வெளி."

"வெளியா? இரும்புக்குள்ளயுமா?"

"இரும்புக்குள்ளயும்தான். இல்லாட்டி கதிர் எப்படிண்ணா உன் வெல்டுக்குள்ள புகுந்து போகும்?"

பெரியவன் கையிலிருந்த டம்ளரைத் தட்டிப் பார்த்தான். கெட்டியாகத்தான் இருந்தது.

"சரி. இது இரிடியம், அது இரும்புன்னு எதை வெச்சுச் சொல்றது?"

"புரோட்டானை எண்ணணும். எழுபத்தேழு இருந்தா இரிடியம். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் அது வேற ஆள். ஆனா நியூட்ரான் அப்படி இல்ல. அது கூடலாம், குறையலாம். பேர் மாறாது, எடைதான் மாறும்."

"நம்ம வீடு மாதிரி. ஒரே அப்பா பேரு. நான் குண்டு, நீ நோஞ்சான்."

"அதேதான். மண்ணுல கிடைக்கிற இரிடியம் ரெண்டு வகை. ஒண்ணுல நூத்துப் பதினாலு நியூட்ரான், இன்னொண்ணுல நூத்துப் பதினாறு. ரெண்டும் பரம சாது. நடுவுல நூத்துப் பதினஞ்சு இருக்கே, அதுக்குத்தான் இருப்புக் கொள்ளாது. அணு உலையில போட்டு, சாதுவுக்கு ஒரு நியூட்ரானை ஊட்டி அதை உண்டாக்குறாங்க. அதுதான் நம்ம சோர்ஸ். இருப்புக் கொள்ளாம அது உடையும்போது கதிர் வரும்."

"உடைஞ்சு என்ன ஆகும்?"

"முக்காலே மூணு வீசம் பிளாட்டினமா மாறிடும்."

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பினாள். "பிளாட்டினமா? தங்கத்தைவிட உசத்தியாமே. ஏங்க, பழைய சோர்ஸை எல்லாம் சேத்து வெச்சு எனக்கு ஒரு சங்கிலி பண்ணிப் போடக் கூடாதா?"

"மிளகு அளவுதான் அண்ணி. ஒரு மூக்குத்திகூட தேறாது. போட்டா மூக்கும் தேறாது."

பெரியவனுக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. "எழுபத்துநாலு நாள்ல பாதி உடையும்னு போட்டிருக்கு. அப்ப அடுத்த எழுபத்துநாலு நாள்ல தீர்ந்துடும்."

"அங்கதான் ரெண்டு தடவையும் மார்க் போச்சு. தீராது. மிச்சத்துலதான் பாதி. அரை, அப்புறம் கால், அப்புறம் அரைக்கால், அப்புறம் வீசம்."

"எது முதல்ல உடையும், எது கடைசின்னு தெரியுமா?"

"எதுன்னு யாருக்கும் தெரியாது. எத்தனைன்னு மட்டும் தெரியும்."

அந்தப் பதில் பெரியவனை என்னவோ செய்தது. ஒரு பிசகும் இல்லாமல் கணக்கு வருகிறது, ஆனால் எந்த அணு என்று மட்டும் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. ராடு துண்டைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுக்கும் அவனுக்கு, இது ஒழுங்கா, ஒழுங்கின்மையா என்றே விளங்கவில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த வாரம் பட்டறைக்குப் புது சோர்ஸ் வந்தது. பழையது அரைக்காலுக்கு இளைத்துப்போய், ஒரு படத்துக்கு வெகுநேரம் வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. புதியது முறுக்கோடு வந்தது. எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனால் போதும்.

புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளை. படம் எடுப்பதற்கு அதுதான் நேரம். பட்டறையின் அந்தக் கோடியில் ஆள் இருக்காது. சுற்றிலும் கயிறு கட்டி, மஞ்சள் பலகை மாட்டி, மாஸ்டர் தூரத்தில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினார். மாஸ்டர் என்பது குழுவின் தலைவர். உரிமம் அவருடையது, எல்லா அறிக்கையிலும் கையெழுத்து அவருடையது. உதவியாளரின் பெயர் எந்தத் தாளிலும் வராது. முழங்கால் வலிக்காரர், நல்ல மனுஷர், பழைய ஆள். கேமராவும் பழையதுதான்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. வெல்டர்கள் கை கழுவிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்து நின்றார்கள். பெரியவன் முதல் ஆள்.

"இன்னும் என்ன எக்ஸ்ரே? படம் ரிலீஸ் ஆகுமா ஆகாதா?"

மாஸ்டர் கைப்பிடியைக் கடைசிவரை சுற்றிவிட்டார். கம்பி முழுதும் உள்ளே வந்தது, பெட்டியின் பூட்டும் விழுந்தது. "போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார்.

சோர்ஸ் பெட்டிக்குள் அடங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. கயிற்றருகிலேயே அதன் விசையைத் தள்ளி, முள்ளின்மேல் கண்ணை வைத்துக்கொண்டே நடந்து உள்ளே போக வேண்டும். அதுதான் முறை. பெரியவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சின்னவள் கயிற்றுக்கு அடியில் குனிந்து, விடுவிடுவென்று நடந்து, கேமராவுக்கும் குழாய்க்கும் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் விசையைத் தள்ளினாள்.

"பூஜ்யம்!" என்று திரும்பிக் குரல் கொடுத்தாள்.

ஃபிலிமைக் கழற்றிக்கொண்டு கழுவுவதற்கு இருட்டறைக்குப் போய்விட்டாள். மாஸ்டர் கயிற்றை அவிழ்த்தார். மற்றவர்கள் தடுப்புச்சுவருக்கு அந்தப் பக்கம் தங்கள் இடங்களுக்குப் போனார்கள். பெரியவனின் அடுத்த இணைப்பு மட்டும் அதே கோடியில், படம் எடுத்த இடத்திலிருந்து ஒரு கை எட்டும் தூரத்தில். ரப்பர்க் குழாயை அடுத்த படத்துக்காகக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். உட்கார இடைஞ்சலாக இருந்த அதை இடது புறங்கையால் ஒதுக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, முகமூடியைச் சாய்த்தான். ராடு முனையில் நெருப்பு பிடித்தது.

அன்று கை நன்றாக ஓடியது. ராடு ஒன்று கரையும், கசடைத் தட்டுவான், பிரஷ் போடுவான், துண்டை டப்பாவில் போடுவான், அடுத்ததை மாட்டுவான்.

திடீரென்று நெருப்பு செத்தது.

"எவன்டா அவன் கரண்ட்ல கை வெச்சது?" என்று முகமூடியைத் தூக்கினான்.

வாசலுக்கு அருகில் மின்பலகையின் பெரிய விசையைக் கீழே இழுத்துவிட்டு நின்றவள் சின்னவள். கிரைண்டர்கள் எல்லாம் ஒருசேர அடங்கி, பட்டறையே வாயைப் பொத்தியதுபோல் இருந்தது. அவள் முகம் அவனுக்குத் தெரிந்த முகமாகவே இல்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினாள்.

"அண்ணா! வா! எதையும் தொடாத, ஓடி வா!"

பெரியவன் எழுந்தான். அப்போதும் பழக்கம் விடவில்லை. குனிந்து டப்பாவை எடுத்தான்.

"அதை விடுடா! ஓடு!"

தங்கை அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. ஓடினான். டப்பா கையில்தான் இருந்தது.

வாசலைத் தாண்டி, செங்கல் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் கேட்டாள். "எதைத் தொட்ட? எங்க உக்காந்திருந்த?"

"என்னடி ஆச்சு?"

"சோர்ஸ் உள்ள போகல. வெளியிலயே இருக்கு. ரப்பர்க் குழாய்க்குள்ள."

இருட்டறையில் ஃபிலிம் கரிச்சட்டியாக வந்திருக்கிறது. ஓர் ஓரம்கூட வெளுப்பில்லை. மாஸ்டர், "பழைய சோர்ஸ் கணக்குல புதுசை வெளிய விட்டுட்டோமோ?" என்று தலையைச் சொறிந்தார். அதிகநேரம் கதிர் பட்டால் ஃபிலிம் கறுக்கும், நியாயமான சந்தேகம். நேரக்கணக்கை இருவரும் இரண்டு தடவை சரிபார்த்தார்கள். கணக்கு சரி. அப்புறம்தான் சின்னவள் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை முறைப்படி வாசலிலேயே விசையைத் தள்ளினாள். முள் எகிறியது. உள்ளே ஓர் அடி வைத்தாள், இன்னும் ஏறியது. இன்னும் ஓர் அடி, விளிம்புவரை போனது. அவள் கண்ணெதிரே மெல்ல இறங்கி, பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பின்னால் நகர்ந்தாள். விலக விலக முள் ஏறியது.

பெரியவன் அவள் கையிலிருந்த மீட்டரையே பார்த்தான். "பூஜ்யம்னா ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்?"

"எண்ண முடியலேன்னும் அர்த்தம்ண்ணா." மீட்டரைத் தூக்கிக் காட்டினாள். "ஒவ்வொரு கதிர் வந்து இடிச்சதும் இது ஒரு கணம் மூச்சு வாங்கும். அந்த மூச்சுக்குள்ள அடுத்தது, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு விழுந்துக்கிட்டே இருந்தா மூச்சே விட முடியாது. ஊமையாயிடும். டிக் டிக் சத்தமும் வராது. கிட்டப் போய் விசையைப் போட்டேன் பாரு, அப்பவே ஊமையாத்தான் இருந்திருக்கு. கயித்துக்கிட்டயே போட்டிருந்தா..."



பெரியவன் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான். இருபது வருடமாக நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவன் அவன். சுட்டால் தெரியும், கண்ணில் வெளிச்சம் பட்டால் மணல் கொட்டியதுபோல் உறுத்தும், புகை என்றால் நாறும். எது வந்தாலும் உடம்பு குரல் கொடுக்கும் என்று நம்பியிருந்தவன். இது சுடவில்லை, நாறவில்லை, ஒரு சத்தமும் இல்லை. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, மனசுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்திருக்கிறான்.

மாஸ்டர் தன் முழங்காலை மறந்தார். ஈயக்குண்டு மூட்டைகளை நீளக் கம்பால் தள்ளிக் குழாயின்மேல் போட்டு மூடி, ஆள் மாற்றி ஆளாகப் போய்வந்து, பெருங்கிடுக்கியால் அந்த மிளகை ஈயப் பானைக்குள் சேர்க்கும்வரை அவர் எங்கும் உட்காரவே இல்லை. கம்பி முனையிலிருந்த கொக்கி தேய்ந்து, சோர்ஸைக் குழாய்க்குள்ளேயே நழுவ விட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பியிருந்தது. பழைய பூட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

சாயங்காலம் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நரைத்த கூந்தலை இறுக்கி முடிந்த அம்மாள். குரலை உயர்த்தவே இல்லை. கதிர்வீச்சு வேலைக்காரர்கள் சட்டையில் பேட்ஜ் குத்தியிருப்பார்கள். அதைச் சோதித்தால் எவ்வளவு பட்டது என்று தெரியும். வெல்டருக்குப் பேட்ஜ் ஏது? ஆகவே எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

"தூரம் ரெண்டு மடங்கானா கதிர் நாலுல ஒரு பங்காயிடும். நேரம் ரெண்டு மடங்கானா ரெண்டு மடங்கு. அதனால சரியாச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்க?"

பெரியவன் தங்கையைப் பார்த்தான். ஒரு மாதத்தில் தேர்வு. 'காது கேக்காத பொண்ணை வேலைக்கு வெச்சா இப்படித்தான்' என்று நாளைக்கே நாலு பேர் சொல்வார்கள். கேட்கிற காது இருந்தாலும் அங்கே கேட்க எதுவும் இல்லை என்பதை யார் யோசிக்கப் போகிறார்கள்?

"இப்பதான் மேடம் போனேன். ஸ்டூலைப் போட்டேன், முகமூடியை மாட்டினேன், கரண்ட் போயிடுச்சு."

மாஸ்டர் இருமினார். "ஆமா மேடம். மீட்டரும் கொஞ்ச நாளாச் சரியில்ல."

அதிகாரி அதை எழுதத் தொடங்கினார். சின்னவள் எழுந்து போனாள். பெரியவனின் சோற்றுப் பைக்குள் அவன் ஒளித்து வைத்திருந்த பால்பவுடர் டப்பாவை எடுத்துவந்து, மேசைமேல் கவிழ்த்தாள். ராடு துண்டுகள் கலகலவென்று கொட்டின. ஆறு துண்டு.

பெரியவனுக்கு உச்சியில் அடித்தாற்போல் இருந்தது.

"சாப்பாட்டு மணிக்கு முன்னாடி இவர் டப்பாவைக் காலி பண்ணிடுவார் மேடம். ஸ்டோர்ல கேளுங்க. இது ஆறும் அதுக்கப்புறம் எரிஞ்சது. ஒரு ராடு கரைஞ்சு, கசடு தட்டி, பிரஷ் போட எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்களே பாத்துக்கலாம். எங்கண்ணன் எனக்காகப் பொய் சொல்றார்."

"ஏய், சும்மா இருடி!"

"நீ சும்மா இருண்ணா. பேப்பர்ல குறைச்சு எழுதினா உன் ரத்தத்துல குறைஞ்சிடுமா? கொஞ்சமாத்தான் பட்டிருக்குன்னு டாக்டர் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். அப்புறம்?" அதிகாரியிடம் திரும்பினாள். "மீட்டர் நல்லாத்தான் இருக்கு மேடம். கிட்டப் போய் விசையைப் போட்டது நான். பூஜ்யம்னு கத்தினதும் நான்தான்."

அதிகாரி ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, எழுதிய வரியை அடித்தார்.

பிறகு சோர்ஸ் இல்லாத வெறும் ரப்பர்க் குழாயைப் பழைய இடத்தில் வைத்து, பெரியவனை அதே ஸ்டூலில் உட்கார வைத்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆறு ராடும் எரியவைத்தார்கள். எந்தக் கை எங்கே இருந்தது என்று அவனுடைய எஃகு ஸ்கேலால் அவனே அளந்து சொன்னான். குழாயை ஒதுக்கிய புறங்கையை நடித்துக் காட்டும்போது மட்டும் அந்தக் கை போக மறுத்தது.

அண்ணனும் தங்கையும் வீட்டுக்கு வந்தபோது செய்தி முந்திக்கொண்டிருந்தது. பெரியவனின் மகள் ஓடிவந்தாள், அண்ணி அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நிறுத்திய கையைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள்.

"என்னங்க... தொடலாமா உங்களை?"

பெரியவன் வாசற்படியிலேயே நின்றான். அன்றைய அடிகளில் இதுதான் பலமாக விழுந்தது.

"அண்ணி, டார்ச் வெளிச்சம் பட்டவன் டார்ச்சாயிடுவானா?" என்றாள் சின்னவள். "கதிர் இவரைத் தாண்டிப் போயிடுச்சு. போற வழியில சேதம் பண்ணியிருக்கும், ஆனா உள்ள தங்காது. சோர்ஸ் தூள் மேல ஒட்டினாத்தான் அடுத்தவங்களுக்குப் பயம். அது கூட்டுக்குள்ள பத்திரமா இருக்கு, துடைச்சுப் பாத்தாச்சு, கசியல. தாராளமாக் கட்டிக்கலாம். வேர்வை நாத்தம்தான் ஆபத்து."

அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். மகளை விட்டாள்.

இனி வந்ததைச் சொல்லிவிடலாம். ஆறு துண்டின் கணக்கு டாக்டருக்குப் போனதால் பெரியவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. வாரக்கணக்கில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணுக்கள் இறங்கின, பயமுறுத்தின, பிறகு மெல்ல ஏறின. இடது புறங்கை பத்துப் பதினைந்து நாள் சாதாரணமாக இருந்துவிட்டு, ஒரு காலையில் சுடுநீர் பட்டதுபோல் சிவந்தது. நெருப்புப் பட்டு உடனே சிவந்த கையைத்தான் அவன் பார்த்திருக்கிறான். பட்டதை மறந்த பிறகு சிவக்கும் கையை அப்போதுதான் பார்த்தான். தோல் உரிந்து, புதுத் தோல் வந்தது. அந்த இடத்தில் மயிர் இன்றுவரை சரியாக முளைக்கவில்லை. சின்னவளின் பேட்ஜும் வரம்பைத் தாண்டியிருந்தது. கதிர்வீச்சு வேலையிலிருந்து அவளைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த மாதத் தேர்வு கைவிட்டுப் போனது. தோற்றதாகக் கணக்கில்லை, எழுதவே விடவில்லை. மறு வருடம் எழுதி ஜெயித்தாள். கயிற்றருகில் விசையைப் போடாமல் அவளோ அவள் குழுவில் யாருமோ அதற்குப் பிறகு உள்ளே நுழைந்ததில்லை. உரிமம் வந்த பிறகு அவள் எடுத்த படத்தில்தான் அண்ணனின் நூலிழை ஓட்டையும் அகப்பட்டது.

ஆனால் விபத்துக்கு மறுநாள், வியாழக்கிழமை காலையில், இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அதிகாரி அறிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். அடியில் ஒரே ஒரு கோடு: உரிமம் பெற்றவர் கையெழுத்து.

மாஸ்டர் பேனாவைத் திறந்தார். "நான் போடறேன்மா. 'குழு மீட்டர் விசையைத் தாமதமாகப் போட்டது'ன்னு மட்டும் இருக்கட்டும். எனக்கு ரெண்டு வருஷத்துல ஓய்வு. உன் பேரு இதுல ஏறிடுச்சுன்னா தேர்வு எழுத விடமாட்டாங்க. யோசிச்சுக்க."

"குழுவா மாஸ்டர் பூஜ்யம்னு சொல்லிச்சு?" என்றாள் சின்னவள். "டாக்டர் கையில போகப் போற பேப்பர் இது. நேரத்தை யார் சொன்னாங்க, நேர்ல பாத்தது யாருன்னு கேட்டா, பேரில்லாத பேச்சுக்கு என்ன மதிப்பு? எங்கண்ணன் வேற இப்பதான் போனேன்னு முதல்ல ஒரு கதை விட்டிருக்கார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நான் தடுக்க மாட்டேன். ஆனா உதவியாளர் கையெழுத்துக்கு இதுல இடமே கிடையாதேம்மா."

சின்னவள் திரும்பிப் பெரியவனைப் பார்த்தாள். முந்தின நாள் அவளுக்காகப் பொய் சொன்னவன்; இப்போதும் ஒரு வார்த்தை சொன்னால் மாஸ்டரோடு சேர்ந்து அவளைத் தடுத்துவிடலாம். நாலடி உயரம் இருந்தபோது பக்கத்தவளின் குதிகாலைப் பார்த்து ஓடிய அந்தப் பிள்ளை எப்போது இவ்வளவு பெரியவளானாள் என்று வியப்பதா, பயப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்தான். மாஸ்டர் கையிலிருந்த பேனாவை வாங்கினான். மேல்கோட்டுக்கு இம்மியும் பிசகாமல், அதே நீளத்தில், அடியில் இன்னொரு கோடு இழுத்தான். 'மீட்டர் விசையை இயக்கியவர்' என்று கீழே தன் கோழிக்கிறுக்கலில் எழுதி, பேனாவை அவளிடம் நீட்டினான்.

"நேராப் போடு. கோட்டை விட்டு இறங்காம."

அவள் முழுப் பெயரையும் போட்டாள், அப்பாவின் முதலெழுத்தோடு. அடியில் தேதி எழுதினாள்: 19 நவம்பர் 2009.